முன்னூறாவது சீட்டு

சீட்டு முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் பக்கம் பழைய ஆட்கள் யாராவது பார்த்தால் இன்றைக்கும் என்னைச் ‘சீட்டு லோகநாதன்’ என்றுதான் சொல்கிறார்கள். கண்டுபிடித்தவர் மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர் ஆதிகேசவன். அதைக் கையில் வாங்கி அரிவாள் மாதிரி தீட்டிக் கொடுத்தவன் மட்டும்தான் நான்.

அது எழுபத்து நாலாம் வருஷம். கிணற்று மோட்டார் விற்கிற கம்பெனி அது. விற்ற மோட்டார் கெட்டால் வீட்டுக்கே வந்து சரிசெய்து தருவோம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்காகத் திருவள்ளூரில் ஓர் ஆபீஸ், பதினோரு மெக்கானிக்குகள், பதினோரு சைக்கிள்கள். திருவாலங்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எங்கே மோட்டார் நின்றாலும் இவர்கள்தான் போக வேண்டும். பத்து வருஷம் நானும் அப்படிக் கிணறு கிணறாக இறங்கி ஏறியவன்தான். அப்புறம் சூப்பர்வைசர் ஆக்கி ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்தார்கள்.

மெக்கானிக்குகள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிணற்றை முடித்துவிட்டுப் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் படுத்துவிட்டு, ‘வழியில் சைக்கிள் பஞ்சர்’ என்று வந்து நிற்பார்கள். ஒருவனுக்கு ஒரே வாரத்தில் எட்டுப் பஞ்சர் ஆனது. நானும் அந்தக் காலத்தில் படுத்தவன்தான், அதனால் எந்த மரத்தடியில் நிழல் நன்றாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று பிற்பாடு புரிந்தது.

இதை நிறுத்த மேனேஜர் கொண்டுவந்ததுதான் சீட்டு முறை. ஒரு கிணற்றுக்கு ஒரு சீட்டு. வந்த மணி, வேலை தொடங்கிய மணி, மோட்டாரை ஓட்டிக் காட்டிய மணி, கிளம்பிய மணி எல்லாம் அதில் எழுத வேண்டும். கீழே விவசாயியின் கையெழுத்து, இல்லாவிட்டால் கட்டைவிரல் ரேகை. ஓட்டிக் காட்டாத மோட்டாருக்குச் சீட்டு செல்லாது. சாயங்காலம் ஆபீஸில் அவற்றை வாங்கி ஒவ்வொருவன் பேருக்கு நேராகப் பலகையில் எண்ணிக்கை எழுதுவேன்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். நான் என்ன செய்தேன் என்றால், நாலு ஞாயிற்றுக்கிழமை சொந்தமாகச் சைக்கிள் மிதித்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் என்று அட்டவணை போட்டேன். மோட்டார் சைக்கிளிலும் ஒருமுறை ஓட்டி அதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வாஷர் மாற்ற இத்தனை நிமிஷம், பேரிங் மாற்ற இத்தனை நிமிஷம் என்று அதற்கு ஒரு தனித் தாள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவ்வளவு பெருமை.

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் மேலே இருக்காது. தண்ணீர் ஆழத்தில் கிடப்பதால் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டி அங்கேதான் வைத்திருப்பார்கள். மெக்கானிக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும்போது மேலே எவனாவது ஸ்விட்சைப் போட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. அதனால் இறங்குவதற்கு முன்னால் மேலே பலகையிலிருக்கிற மூன்று ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். பீங்கான் கட்டைகள். அவை பைக்குள் இருக்கிற வரைக்கும் உயிர் தன் கையில் என்று அர்த்தம். வேலை முடிந்து ஏறியதும் திரும்பச் செருகிவிட வேண்டும். எந்த மெக்கானிக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது மறந்து எடுத்துக்கொண்டு போயிருப்பான். கொஞ்ச தூரம் போனதும் பைக்குள் கலகல என்று சத்தம் கேட்கும், திட்டிக்கொண்டே திரும்பி வருவான். நான் நாலு தடவை திரும்பியிருக்கிறேன். என்னுடைய அட்டவணையில் திரும்பி வருவதற்கு நிமிஷம் போடவில்லை.

தானியேல் எங்களிடம் தற்காலிக மெக்கானிக். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஊர். அம்மா ஞானம்மா, அப்பா, சித்தப்பா எல்லோருமே அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் இவன்தான். அந்த வருஷம் மேனேஜர் ஒரு விதி போட்டார். ஜனவரியிலிருந்து மார்ச் முடிய முன்னூறு சீட்டு கொண்டுவருகிற தற்காலிக ஆளுக்கு வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் ஏப்ரல் முதல் தேதி வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு நாலு கிணறு வீதம் ஒரு நாளும் தவறாமல் மிதித்தால்தான் அந்தக் கணக்கு வரும். தற்காலிக ஆட்கள் மூன்று பேரில் இரண்டு பேர் பிப்ரவரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். தானியேல் விடவில்லை. காய்ச்சலோடு வந்தான், சைக்கிள் செயின் அறுந்த நாளில் தள்ளிக்கொண்டே போனான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் தேற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். நடந்ததற்கு அந்த ஆசையும் ஒரு காரணம்.

மார்ச் முப்பது, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு என்பதால் அதுதான் கடைசி நாள். பலகையில் தானியேல் பேருக்கு நேரே இருநூற்றுத் தொண்ணூற்றேழு. மூன்று கிணறு முடித்தால் போதும். ஆனால் அது மின்வெட்டுக் காலம். கிணறுகளுக்குக் காலை பத்திலிருந்து மாலை நாலு வரைக்கும்தான் கரண்டு. நாலு மணிக்கு மேல் மோட்டாரை ஓட்டிக் காட்ட முடியாது, சீட்டும் செல்லாது.

முதல் கிணறு தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் பூவராகவன் என்பவருடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நவரைப் பட்டத்தில் நெல் போட்டிருந்தார், கதிர் பால் பிடிக்கிற நேரம். தானியேல் இறங்கி பேரிங்கை மாற்றினான். மேலே வந்து கட்டைகளைச் செருகி ஓட்டிக் காட்டினான், தண்ணீர் வந்தது. பம்பில் ஓரிடத்தில் லேசாக ஒழுகியது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம், சீட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் அவன் மறுபடி கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, அந்த ஒழுகலையும் இறுக்கிவிட்டு ஏறினான். ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்தான். சீட்டை நீட்டினான், பூவராகவன் கையெழுத்துப் போட்டார், பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டான். கட்டைகள் பையிலேயே இருந்தன.

நான் அன்றைக்கு வழிச் சோதனையில் இருந்தேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய், எவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. பன்னிரண்டரைக்குக் கூட்டு ரோட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போயிருக்க வேண்டிய தானியேல் அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான்.

“இன்னாப்பா, வந்த வழியே போய்க்கினு இருக்கே?” என்றேன்.

அவன் சைக்கிளை நிறுத்திப் பையைத் திறந்து காட்டினான். “பூவராகவன் ஊட்டுக் கட்டைங்க சார். எடுத்துக்கினு வந்துட்டேன். குடுத்துட்டு வந்துடறேன்.”

எனக்குத் தலைக்குள் அட்டவணை ஓடியது. நாலு மைல். சைக்கிளில் போக முப்பத்தைந்து நிமிஷம், வர முப்பத்தைந்து. இன்னும் இரண்டு கிணறு. நாலு மணிக்குள் இரண்டும் முடியாது. முன்னூறு வராது. மூன்று மாசம் இவன் மிதித்த மிதி மண்ணாகப் போகும். அதை அவனிடம் சொன்னேன். சாயங்காலம் திரும்பும்போது கொடுத்துவிடு, ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் செத்துவிடாது என்றும் சொன்னேன்.

அவன் நகரவில்லை. “அவரு மோட்டாரு போட நிப்பாரு சார்,” என்றான்.

“நிக்கட்டும்பா. நீ போ.”

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் என் வண்டியைப் பார்த்தான். அவனாக வாய் திறந்து கேட்க முடியாது, நான் அவனுக்குச் சூப்பர்வைசர். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்று இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். பொய். தோன்றியது. அந்தப் பையை என்னிடம் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஊத்துக்கோட்டைப் பக்கம் துலுக்காணம் என்ற மெக்கானிக்கை ஒரு மாசமாகக் குறி வைத்திருந்தேன். அவன் சீட்டில் பொய் மணி எழுதுகிறான் என்று எனக்குச் சந்தேகம், அன்றைக்கு ஒரு மணிக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் போய் ப்யூஸ் கட்டை கொடுத்துவிட்டு வருவதா என்ற திமிர் வேறு. டீக்குக் காசு வைத்துவிட்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் வண்டியை விட்டேன். துலுக்காணம் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், கிணற்றுக்குள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

தானியேலைப் பார்த்ததை நோட்டில் எழுதவில்லை. எழுதினால் அட்டவணைக்கு மாறாக எதிர்ப்பக்கம் வந்தான் என்று அவன் பேரில் கறுப்புப் புள்ளி விழும். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் விட்டேன்.

மூன்றே முக்காலுக்கு அவன் முன்னூறாவது சீட்டில் கையெழுத்து வாங்கினான். அங்கிருந்து ஒரே மிதியாக மிதித்து ஐந்து மணிக்குப் பூவராகவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் கூட்டம். பூவராகவன் மூன்றரை வரைக்கும் காத்திருந்துவிட்டு, நாலு மணிக்குக் கரண்டு போய்விடுமே என்று, கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகப் போயிருக்கிறார். வாய்க்காலில் நின்ற ஈரக்கால். பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடிவந்தபோது முடிந்துவிட்டிருந்தது.

தானியேல் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்து, போலீஸ் வந்ததும் பையிலிருந்து மூன்று கட்டைகளையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான். மறந்து எடுத்துப் போனேன், சாயங்காலம் கொடுக்கலாம் என்று நினைத்தேன், தப்பு என்னுடையது என்று சொன்னான். விபத்து என்று எழுதிக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள்.

கம்பெனி விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸில் விசாரணை. மேனேஜர் நாற்காலியில், நான் பக்கத்தில், தானியேல் எதிரில் நின்றுகொண்டு. வழியில் தெரிந்ததுமே ஏன் திரும்பவில்லை என்று மேனேஜர் கேட்டார். தானியேல் என்னைப் பார்த்தான். மேனேஜர் என் பக்கம் திரும்பி, அன்றைக்குச் சோதனையில் இவனை எங்காவது பார்த்தாயா, நோட்டில் ஒன்றும் இல்லையே என்றார்.

“பார்க்கல சார்,” என்றேன்.

பயம். வேறு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை. வண்டி போய்விடும், சூப்பர்வைசர் வேலை போய்விடும், வீட்டில் மனைவி ரத்னாவும் இரண்டு பெண்களும் என்ன செய்வார்கள் என்ற நினைப்பு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தால், ஒரு நொடிகூட ஆகவில்லை என்று சொல்லியிருப்பார்கள். தானியேலை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவனுடைய முன்னூறு சீட்டும் சணலில் கட்டி அலமாரிக்குள் போனது.

வெளியே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டிருந்தவனைப் பிடித்து, ஏனப்பா உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தைரியம் பாருங்கள்.

“நோட்டு உங்க கையில இருக்குது சார். நான் சொன்னா எவன் நம்புவான்?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். தமிழில் டைப் அடித்தது. பூவராகவன் மரணத்தில் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, அவர் தன் கவனக் குறைவால்தான் இறந்தார் என்று அவர் சம்சாரம் தாயாரம்மாள் ஒப்புக்கொள்வதாக வாசகம். ரேகை வாங்கிக்கொண்டு வா என்றார். எத்தனையோ பேரிடம் ரேகை வாங்கியவன் நான், மைப் பெட்டியும் பையிலேயே இருந்தது.

தாயாரம்மாள் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் பதர். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். படித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் படித்ததில்லை. முடிந்ததும் அவர் தாளைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

“அன்னிக்கி கூட்டு ரோட்டாண்ட நின்னுக்கினு இருந்தது இந்த வண்டிதானா?”

தானியேல் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தன் தப்பை முதலில் சொல்லி, அப்புறம் என் பேச்சைச் சொல்லியிருக்கிறான். தாயாரம்மாள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானாக வருவேனா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் தாளோடு வந்து நிற்கிறேன்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அவரு மூணரை மணி வரிக்கும் அங்கயே ஒக்காந்துகினு இருந்தாரு, நைனா. சாப்புட வான்னு நான்தான் கூப்ட்டேன். வரல. அந்தப் புள்ள நல்ல புள்ள, கட்டைய வெச்சிக்கினு சும்மா இருக்காது, இதோ வந்துடும்னு சொன்னாரு.”

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“கூட்டு ரோட்லேர்ந்து இங்க வர்றதுக்கு இந்த வண்டிக்கு எம்மா நேரம் ஆவும்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உலகத்திலேயே அதைச் சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான். “பன்னண்டு நிமிசம்மா,” என்றேன்.

அவர் அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் உள்ளே போய் உட்கார ஒரு பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“அத்த எழுது. நீ சொன்னத, நீ செஞ்சத. அதுக்குக் கீழ வேணும்னா ரேக வெக்கிறேன். மேல இருக்கறதுக்கு வெக்க மாட்டேன்.”

உட்கார்ந்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். மார்ச் முப்பதாம் தேதி பன்னிரண்டரை மணிக்குக் கூட்டு ரோட்டில் தானியேல் ப்யூஸ் கட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தான், போகவிடாமல் தடுத்தவன் நான், என்னிடம் வண்டி இருந்தது, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதினேன். படிக்கச் சொன்னார், படித்தேன். பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதவில்லையே என்றார். அதையும் சேர்த்தேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். தாளை நான் மடிக்கப் போனபோது, மை காயட்டும் என்று தடுத்தார்.

மை காய்ந்தது. அப்புறம் அவர் கேட்டார்.

“இத்தக் குடுத்தா அந்தப் புள்ளைக்கு வேல திரும்பி வருமா?”

“வரும்மா,” என்றேன். “எனக்குப் போயிடும்.”

அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

“போவட்டும்,” என்றார்.

அந்த வாரத்துக்குள் இரண்டும் நடந்தது.